உங்களுக்குத் தெரியுமா? வேலை காட்டுப்பள்ளியில், ரூம் எங்கே?

சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆறு மாத வேலைக்கு வரும் இன்ஜினீயர், கப்பல் ரிப்பேருக்கு வரும் வெளிநாட்டுக்காரர், "பையன் அங்கேதான் இருக்கான், ஒருதடவை பாத்துட்டு வருவோம்" என்று கிளம்பி வரும் அப்பா அம்மா. இவர்கள் எல்லோரும் காட்டுப்பள்ளிக்காரர்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: "நல்ல ஏரியாவா, பழைய மெட்ராஸையும் பார்க்கிற மாதிரி, எங்கே ரூம் போடலாம்?" மெட்ராஸில் வசதியான பேட்டை ஒரே இடத்தில் நின்றதில்லை. கடலை விட்டு, ஹார்பரை விட்டு, மேற்கேயும் தெற்கேயும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அது நகர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால் ரூம் தேடுவது சுலபம்.

● 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பல் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. கப்பல் நிற்க இடம் உண்டு. கூட வருகிறவர்கள் நகரத்து வசதியோடு தங்க இடம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும். நடுவே துறைமுகம், 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, பக்கத்திலேயே அனல்மின் நிலையம். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் லாட்ஜ் கிடைக்கும். பழமையும் சொகுசும் சேர்ந்து வேண்டுமென்றால் தெற்கே 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

● மெட்ராஸின் முதல் பணக்காரக் குடியிருப்பு புனித ஜார்ஜ் கோட்டைக்கு உள்ளேதான் இருந்தது. இன்று தலைமைச் செயலகத்துக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் நடக்கும் தெருக்களில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் மாடிவீடுகள் இருந்தன. ராபர்ட் கிளைவ் 1753 பிப்ரவரியில் அங்குள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பக்கத்திலேயே ஒரு பெரிய வீட்டில் குடித்தனம் வைத்தார். அது ஆர்மீனிய வியாபாரி ஒருவருடைய வீடு. ஆற்காட்டை வென்ற தளபதியும் வேறொருவருடைய வீட்டில் குடியிருந்தவர்தான்! 'கிளைவ் ஹவுஸ்' என்று இன்றும் அந்தக் கட்டடம் நிற்கிறது. தேவாலயம் 1680-இல் கட்டப்பட்டது. அடையாள அட்டையோடு போனால் பார்க்கலாம்.

● அன்றைய பயணி யாரானாலும் நனைந்துகொண்டேதான் ஊருக்குள் வந்தார். துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். அங்கிருந்து மசூலாப் படகில் ஏறிக் கரைக்கு வர வேண்டும். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி அடித்தாலும் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தாக்குப்பிடிக்கவில்லை. இந்தப் படகோட்டிச் சமூகம் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து பணம் சேர்த்து 1829-இல் கட்டியதுதான் ராயபுரத்தின் புனித பேதுரு தேவாலயம். ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

● உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் நெருக்கமான ஒரு நகரமே இருந்தது. அதுதான் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும், பீரங்கிக்கு மறைப்பாக இருக்கிறது என்று அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்ப வந்த ஆங்கிலேயர் மிச்சத்தை இடித்தார்கள். இடிபட்டவற்றில் சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் ஒன்று. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் சென்ன கேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் அடுத்தடுத்து கோயில் எழுப்பினார். பூ வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்தால் கோபுரம் தெரியும்.

● இடித்த பிறகு, "இந்த எல்லைக்குள் இனி யாரும் வீடு கட்டக் கூடாது" என்று 1773-இல் 13 கல்தூண்களை நட்டார்கள். மிஞ்சியிருப்பது ஒன்று. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி நிற்கிறது. எதிரே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் அதைத் திரும்பிப் பார்க்கிறவரை நான் கண்டதில்லை.

● வால்டாக்ஸ் ரோடு தெரியும். அந்த வரியை யாரும் கட்டவில்லை என்பது தெரியுமா? ஹைதர் அலியின் குதிரைப்படை ஊருக்குள் புகுந்து போன பயத்தில், அந்த எல்லைக்கு அப்பால் எழுந்த புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவை ஊர்க்காரர்களிடம் மதில் வரியாக வசூலிக்கத் திட்டம் போட்டார்கள். வசூல் நடக்கவில்லை, பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. அதன்மேல்தான் 'மாடிப் பூங்கா'. 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னும் வசதி இந்த ஊரில் வேறெங்கும் கிடைக்காது.

● அந்த மதிலுக்குள் வளர்ந்த நகரம்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். 'வடசென்னை' என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்கள் கவனிக்க: ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மெட்ராஸின் பெரும் பணம் புழங்கிய தெருக்கள் இவை. துபாஷிகள், வட்டிக்கடைக்காரர்கள், துணி வியாபாரிகள், நகரத்தார் எல்லோருக்கும் இங்கே வீடு இருந்தது. பவளக்காரத் தெருவில் யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடல் பவளத்தை விற்றுக் கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு என்று எல்லாமே கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய பெரிய மனிதர்களின் பெயர்கள்தான்.

● அரண்மனைக்காரத் தெரு என்று தமிழில் வழங்கும் ஆர்மீனியன் தெருவுக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். 1772-இல் கட்டிய ஆர்மீனிய மாதா கோயில் அங்கே இருக்கிறது. தெருவில் வண்டி நிறுத்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும். கதவைத் தாண்டிய பத்தாவது அடியில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். முற்றம் முழுக்கக் கல்லறைப் பலகைகள். கால் வைக்கும் இடத்திலெல்லாம் ஆர்மீனிய எழுத்து. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். அவற்றில் சில, பின்னாளில் லண்டன் பிக் பென்னை வார்த்த அதே வொய்ட்சேப்பல் பட்டறையில் வார்த்தவை. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது இந்த மெட்ராஸில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷமாவோனியன் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

● அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் 1726-இல் முதல் பாலத்தைக் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கானும் ஆர்மீனியரே. சொந்தப் பணத்தில் கட்டினார். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் உபயம். உடலை மெட்ராஸில் புதைக்கச் சொல்லி, இதயத்தை மட்டும் ஈரானில் உள்ள ஜூல்ஃபாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனவர்.

● அதே ஜூல்ஃபா ஆர்மீனியர்களின் வழியில் வந்த சார்கீஸ் சகோதரர்கள் பினாங்கில் 1885-இல் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், சிங்கப்பூரில் 1887-இல் ராஃபிள்ஸ், ரங்கூனில் 1901-இல் ஸ்ட்ராண்ட் என்று துறைமுக நகரம் ஒவ்வொன்றிலும் ஓட்டல் கட்டினார்கள். மூன்றும் இன்றைக்கும் காசுள்ள பயணிகள் தேடிப்போய்த் தங்கும் இடங்கள். ஆர்மீனியர்களுக்கு ஒரு தெருவையே கொடுத்த மெட்ராஸில் அப்படி ஒன்று அமையவில்லை. அமைந்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

● ஆனால் ஜார்ஜ் டவுனில் தங்கிய விருந்தாளிகளின் பட்டியலுக்கு எந்த ஓட்டலும் கிட்டே வர முடியாது. தியாகராஜ சுவாமிகள் மெட்ராஸ் வந்தபோது கோவூர் சுந்தர முதலியாரின் பந்தர் தெரு வீட்டில் தங்கினார். சிஷ்யர் வீணை குப்பய்யரின் அழைப்பில் திருவொற்றியூர் போய் வடிவுடையம்மன்மேல் பஞ்சரத்தினம் பாடினார்.

● 1915 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தி கஸ்தூரிபாவுடன் வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் சுமார் மூன்று வாரம் இருந்தார். சென்ட்ரலில் வரவேற்கப் போன கூட்டம் முதல் வகுப்புப் பெட்டிகளில் தேடியது. அவர் மூன்றாம் வகுப்பிலிருந்து மூட்டையோடு இறங்கினார்.

● 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். ஆபீஸுக்கு நடந்தே போகலாம் என்று பிராட்வே அருகே சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார். பெயர் ராமானுஜன். அடுத்த வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கணக்குகளை எழுதி அனுப்பினார். துறைமுகத்தில் வேலை, நடக்கிற தூரத்தில் வீடு என்ற அந்தச் சௌகரியம் இன்றைக்குக் காட்டுப்பள்ளியில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்குக் கிடையாது.

● ரயில் பிரியர்கள் ராயபுரத்தைத் தவறவிடக் கூடாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. பம்பாயிலும் தானாவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியது உண்மை; அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை, ராயபுரத்துக் கட்டடம் இருக்கிறது. முகப்பில் கிரேக்கத் தூண்கள். 1873-இல் சென்ட்ரல் திறந்ததும் பெரிய மனிதர்கள் இந்தப் பக்கம் வருவது குறைந்துபோனது.

● தமிழ்நாட்டின் ஒரே பார்சி அக்னிக் கோயில் ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கிறது. கிளப்வாலா குடும்பம் இறந்துபோன மகன் ஜாலின் நினைவாகக் கட்டி, 1910-இல் திறந்தது. பார்சிகள் தவிர மற்றவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. அதைச் சுற்றிய தெருக்களில் சில பழைய பங்களாக்களின் வாசலும் வராந்தாவும் இன்னும் மிச்சமிருக்கின்றன. பில்டர் கண்ணில் படும்வரை இருக்கும்.

● பழைய மெட்ராஸில் ஓட்டலைவிடச் சத்திரம்தான் பெரிய விஷயம். ஹைதர் அலி யுத்தத்தையொட்டி வந்த 1782 பஞ்சத்தில், ஊர் மணியக்காரர் ஒருவர் ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். அந்த மணியக்காரர் சத்திரத்தோடு வைத்தியசாலை சேர்ந்து, வளர்ந்து, கடைசியில் ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. பக்கத்துப் பேட்டைகளில் வயதானவர்கள் அதை இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். ஆட்டோக்காரருக்கும் அந்தப் பெயர் புரியும்.

● சென்ட்ரலில் இறங்கியதும் எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் சத்திரம், கொஞ்சம் தள்ளி சித்திக் சராய். வெளியூர்ப் பயணி முதல் ராத்திரி தலை சாய்க்கட்டும் என்று தனவந்தர்கள் கட்டிவைத்தவை. நட்சத்திர அந்தஸ்து கிடையாது.

● எண்ணூர் ஒருகாலத்தில் உல்லாசத் தலம் என்றால் நம்புவீர்களா? வெள்ளைக்காரர்கள் ஓய்வுக்கும் படகுச் சவாரிக்கும் போன கழிமுகம் அது. பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் 1806-இல் மெட்ராஸிலிருந்து எண்ணூரை எட்டியது. பிறகு அது நீண்டு நீண்டு, 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் இணைக்கப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் ஆனது. பக்கத்தில், முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதரை ஆதரித்த மணலியில் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. பணக்காரப் பேட்டை ஏன் இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இங்கே இருப்பவர்களுக்கு ரூமை மாற்றிக்கொண்டு போகும் வசதியும் இல்லை.

● பணம் வடக்கை விட்டுக் கிளம்பியது ஆலைகளுக்கு வெகுமுன்பே. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சண்டை பயம் குறைந்ததும், கோட்டைக்குள் நெரிசலில் கிடந்த அதிகாரிகள் எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு என்று ஏக்கர் கணக்கில் தோட்ட வீடு கட்டிக்கொண்டு போனார்கள். 1876-இல் ஹார்பர் வேலை தொடங்கியது, 1881 புயல் அதை அடித்து நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். அதன்பின் கடற்கரை சரக்குக்கு ஆனது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டு ஹார்பர் அருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது, வசதியுள்ளவர்கள் கிடைத்த ரயிலில் ஊரைவிட்டு ஓடினார்கள். கடலோரம் வீடு என்ற ஆசைக்கு அது நல்லதல்ல.

● அந்தத் தோட்ட வீடுகளின் மிச்சத்தில் முளைத்ததுதான் நகரத்தின் பழைய பெரிய ஓட்டல். பின்னி ரோட்டில் 1854-இல் 'இம்பீரியல்' என்று தொடங்கி, 1886-இல் 'ஆல்பனி' ஆகி, 1890-இல் 'கன்னிமரா' ஆனது. அப்போதைய கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயர். 1930-களில் ஆர்ட் டெகோ பாணியில் புதுப்பித்தார்கள். 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்தார். 'பழமையும் சொகுசும் ஒரே கூரைக்குள்' என்று பிடிவாதமாகக் கேட்பவருக்கு மெட்ராஸில் சொல்லக்கூடிய முதல் பெயர் இதுதான். கட்டணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

● மவுண்ட் ரோட்டில் டி ஏஞ்சலிஸ் என்பவர் நடத்திய ஓட்டலும் அந்தக் காலத்தில் பிரபலம். 1910-இல் சொந்தமாக விமானம் கட்டி மெட்ராஸில் பறக்கவிட்டவரும் அவர்தான்.

● கதீட்ரல் ரோட்டில் பின்னாளில் சோழா ஷெரட்டன் ஓட்டல் எழுந்த இடத்தில், 1919-இல் ராஜாஜி குடியிருந்த வீடு இருந்தது. அந்த மார்ச்சில் காந்தி அங்கே தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை அங்கே ஒரு விடியற்காலையில், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

● என் ஓட்டு எழும்பூருக்கு. மயிலாப்பூரைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. கோயிலும் கச்சேரியும் முக்கியமென்றால் சரி. தினமும் காட்டுப்பள்ளிக்குப் போய்வர வேண்டியவருக்கு அது தண்டனை. எழும்பூர் பழைய தோட்ட வீட்டுப் பேட்டை. பாந்தியன் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் கூடி விருந்து வைத்து நாட்டியமாடிய 'பாந்தியன்' வளாகம்தான் இன்றைய அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கிய மியூசியம் சில வருஷத்தில் இங்கே குடிவந்தது. பக்கத்தில் 1896-இல் திறந்த கன்னிமரா நூலகம். மியூசியத்துக்கு வார விடுமுறை உண்டு, எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். காட்டுப்பள்ளியும் திருவாலங்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டம் என்பதால், உங்கள் மாவட்டத்துக்காரர் என்றே போய்ப் பார்க்கலாம்.

● 1897 பிப்ரவரி 6-ஆம் தேதி எழும்பூரில் வந்து இறங்கிய விவேகானந்தரின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு இளைஞர்களே இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஒன்பது நாள் தங்கியது திருவல்லிக்கேணிக் கடற்கரையில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸில். இப்போதைய எழும்பூர் நிலையக் கட்டடம் அதற்குப் பிறகு, 1908-இல் வந்தது.

● ரூம் போடும்போது சில விஷயங்கள். கென்னட் லேன் லாட்ஜுகளில் ரோட்டுப் பக்க ஜன்னல் வேண்டாம். ஹாரன் சத்தம் ராத்திரி முழுக்க ஓயாது. காசா மேஜர் ரோடு, ஹால்ஸ் ரோடு பக்கம் அமைதி அதிகம். 'ஹெரிடேஜ்' என்று பலகை மாட்டியதெல்லாம் பழையது அல்ல. கட்டடம் எந்த வருஷம் என்று கேளுங்கள், பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும். நவம்பர், டிசம்பரில் வருவதானால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதை ரிசப்ஷனில் கேட்காதீர்கள், எதிரே உள்ள டீக்கடையில் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் கச்சேரி சீசன். அறை கிடைப்பதும் கஷ்டம், வாடகையும் ஏறும்.

● எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் விம்கோ நகர் வரை போகலாம். 2021 பிப்ரவரியில் வந்த வசதி. வழியில் உயர் நீதிமன்றம், மண்ணடி நிலையங்கள் ஜார்ஜ் டவுனுக்கு அடியிலேயே. மின்சார ரயிலென்றால் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் அத்திப்பட்டு புதுநகர் அல்லது மீஞ்சூரில் இறங்கி, ஆட்டோவோ கம்பெனி வண்டியோ பிடிக்க வேண்டும். காரில் வருகிறவர்கள் கண்டெய்னர் லாரி வரிசையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நகராத ராத்திரிகளில், டிரைவர்கள் டிரெய்லருக்குக் கீழே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே கொசுவலை கட்டிப் படுத்துவிடுவார்கள். பன்னிரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒரு படுக்கை. அதற்கு வாடகை இல்லை.

● சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இரண்டாவது கடற்கரைச் சாலையில் இறங்கிக்கொள்ளுங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ தள்ளுவண்டிகள் அங்கேதான். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். நடுவில் கீறி வெங்காயம் அடைத்த முட்டை பேஜோவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் தீர்ந்துபோயிருக்கலாம்.